சிறு காயத்துக்கு எதை வாங்கி வைப்பது? டெட்டால், பீட்டாடின், பவுடர், ஆயின்மென்ட் ஓர் ஒப்பீடு

மெடிக்கலில் போய், "அண்ணே, காயத்துக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால், "பவுடரா, ஆயின்மென்டா, லோஷனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பலரும் அந்த இடத்தில் யோசித்து நிற்பதில்லை. அம்மா வீட்டில் எது இருந்ததோ அதன் பெயர்தான் வாயில் வரும். இப்படியே வருடக்கணக்கில் வாங்கிச் சேர்த்ததில், பல வீட்டு அலமாரிகளில் பாதி தீர்ந்த டெட்டால், மூடி ஒட்டிக்கொண்ட பீட்டாடின், தேதி முடிந்த நியோஸ்போரின் பவுடர், வாலிலிருந்து சுருட்டிய சோஃப்ராமைசின் டியூப் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நிற்கும்போது ஒரு துண்டு சுத்தமான காஸ் துணி மட்டும் அந்தக் கூட்டத்தில் இருக்காது.

காய் நறுக்கும்போது விரலில் விழும் வெட்டு, சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ சறுக்கி விழுந்த சிராய்ப்பு, குக்கர் ஆவியோ எண்ணெய்த் துளியோ பட்ட கை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய காயங்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இவற்றுக்கு எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருமிநாசினிக்கு ஒரே ஒரு சின்ன பாட்டில் போதும். மிச்சப் பணத்தைக் காயத்தை மூடும் சாமான்களுக்குச் செலவழியுங்கள். கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் இருக்கிறது. அதைவிட நல்லதை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

கழுவ: தண்ணீரா, பாட்டிலா?

சின்னக் காயம் செப்டிக் ஆவதற்குப் பெரிய காரணம், உள்ளே தங்கிவிடும் மண்ணும் தூசியும் செத்த தோலும்தான். கிருமிகள் அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் பெருகும். மண்ணை உள்ளேயே விட்டுவிட்டு மேலே எந்த மருந்தை ஊற்றினாலும் பாதி வேலைதான் நடக்கும். ஓடும் தண்ணீர் மண்ணையும் அடித்துக்கொண்டு போகும், அதில் ஒட்டிய கிருமிகளையும் கொண்டுபோகும், பிழைத்திருக்கும் தோலுக்குக் கெடுதலும் செய்யாது.

"குழாய்த் தண்ணீரில் கிருமி இருக்காதா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரியில் சலைன் ஊற்றித்தானே கழுவுகிறார்கள்? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, இந்தக் கேள்வியை 2002 முதல் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறது. குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரில் கழுவிய காயங்கள், சலைனில் கழுவியவற்றைவிட அதிகம் செப்டிக் ஆனதாகத் தெரியவில்லை என்பதே அவர்கள் சொல்வது. இதில் 'குடிக்கத் தகுந்த' என்பது முக்கியம். மாடித் தொட்டியைக் கழுவி வருடக்கணக்கு ஆகிறது, தண்ணீர் கலங்கி வருகிறது என்றால் கேன் தண்ணீரையோ, காய்ச்சி ஆறவைத்ததையோ பயன்படுத்துங்கள். குழாய் அருகில் இல்லாத இடத்தில், தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டுப் பாட்டிலைப் பிழிந்தால் நல்ல வேகத்தில் பீய்ச்சும்.

ரோட்டில் விழுந்து சிராய்த்த முழங்காலை எடுத்துக்கொள்வோம். முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளையை முக்காலியில் உட்காரவைத்து, காலை லேசாக மடக்கி, காயத்துக்கு மேலே உள்ள நல்ல தோலில் தண்ணீர் விழுந்து காயத்தின் மீது வழியும்படி பிடியுங்கள். நேராகக் காயத்தில் விழுந்தால் துடித்துப்போகும். முதல் அரை நிமிடம் கத்தும், பிறகு குளிர்ச்சி ஏறி வலி மட்டுப்படும். அதற்குள் நிறுத்திவிடாமல் ஐந்து நிமிடமாவது ஓடவிட வேண்டும். சுற்றியுள்ள தோலுக்குச் சோப்புப் போடலாம், காயத்துக்குள் வேண்டாம். கடைசியில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் சிவந்த தசையில் கருப்புப் புள்ளிகள் சில இன்னும் ஒட்டியிருக்கும். நனைத்த காஸ் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து அவற்றை எடுக்க வேண்டும். பாவம் பார்த்து விட்டுவிட்டால், அந்தத் தார்த் துகள்கள் தோலுக்குள்ளேயே தங்கி, காயம் ஆறிய பிறகும் நீலமும் கருப்புமாக நிரந்தரத் தழும்பாகிவிடும். கழுவியும் துடைத்தும் வராத அளவுக்கு ஆழமாகப் புதைந்திருந்தால் நோண்டாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

இனி பாட்டில்கள். டெட்டாலில் இருப்பது 4.8 சதவீத குளோராக்ஸிலினால். ஒரு பங்குக்கு ஏறக்குறைய இருபது பங்கு தண்ணீர் சேர்த்துத்தான் காயத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. மூடியில் ஊற்றி அப்படியே காயத்தில் சாய்த்துவிடுகிறோம். 'எரிஞ்சாத்தான் கிருமி சாகும்' என்று அதற்கு ஒரு சமாதானம் வேறு. எரிச்சல், மருந்து வேலை செய்வதற்குச் சாட்சி கிடையாது. உங்கள் தோலின் உயிரணுக்களும் சேர்ந்து அடிபடுகின்றன என்பதற்குத்தான் சாட்சி. தரை துடைக்க, துணி அலச டெட்டால் இருக்கட்டும். காயத்துக்கென்று தனியாக வாங்க நான் சொல்ல மாட்டேன். சாவ்லானில் உள்ள செட்ரிமைடு சோப்பைப் போல அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இழுக்கும், எரிச்சலும் குறைவு. அந்த வகையில் டெட்டாலைவிட ஒரு படி மேல். ஆனாலும் அதிலுள்ள குளோர்ஹெக்ஸிடின் கண்ணுக்குள்ளோ காதுக்குள்ளோ போனால் பாதிப்பு உண்டு. முகத்துக் காயத்துக்கு அது வேண்டாம்.

கிருமிநாசினியால் காயத்துக்கே கெடுதல் வரும் என்பது புதிதாக முளைத்த சந்தேகம் இல்லை. பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, முதல் உலகப் போரின்போது அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் பிரான்சின் பூலோன் நகர ராணுவ மருத்துவமனையில் இதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். போர்க்காயத்தின் சந்து பொந்துகளைப் போல முள் முள்ளாக நீட்டிய கண்ணாடிக் குழாயைச் செய்து, அதில் கிருமிநாசினியை ஊற்றிப் பார்த்தார். மருந்து அந்த இடுக்குகளுக்குள் போய்ச் சேரவில்லை. மேற்பரப்பிலோ, கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களை அது கொன்றுகொண்டிருந்தது. ஆழமான காயத்தில் கிருமிநாசினியைவிட உப்பு நீர் மேல் என்று அவரும் அவருடைய ஆசிரியர் ஆல்ம்ராத் ரைட்டும் வாதாடினார்கள். நூறு ஆண்டு கடந்தும் நம் வீட்டு அலமாரிக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஹைட்ரஜன் பெராக்ஸைடு நுரை தள்ளுவதைப் பார்த்து, 'கிருமி வெளியே வருது' என்பார்கள். நம் ரத்தத்திலும் தசையிலும் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பட்டதும் பெராக்ஸைடு உடைந்து ஆக்சிஜன் வருகிறது. அதுதான் நுரை. கிருமியே இல்லாத காயத்திலும் அதே நுரைதான் வரும். புதிதாக வளரும் தோலையும் அது அரிக்கும். வீட்டுக்குத் தேவையில்லை. ஸ்பிரிட்டும் அப்படியே. ஊசி போடும் முன் காயம்படாத தோலைத் துடைப்பதற்கு நல்லது, திறந்த காயத்துக்கு ஆகாது. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும் அந்தச் சிவப்பு மருந்து, மெர்குரோகுரோம், பாதரசம் சேர்ந்தது. அது பாதுகாப்பானது, பயன் தரக்கூடியது என்று பொதுவாக ஏற்க முடியாது என 1998-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே ஒதுக்கிவிட்டது. எங்காவது பழைய பாட்டில் இருந்தால் குழந்தை கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.

மிச்சம் நிற்பது பீட்டாடின் என்று நாம் சொல்லும் போவிடோன் அயோடின். பழைய டிஞ்சர் அயோடின் கிருமியை நன்றாகக் கொன்றது, ஆனால் உயிர் போகிற எரிச்சல். 1955-ல் அயோடினைப் போவிடோன் என்ற பொருளோடு பிணைத்து, அது கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும்படி செய்தார்கள். எரிச்சல் பெரிதும் குறைந்தது. பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் என்று மூன்றையும் அது தாக்கும். வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் என் தேர்வு இதுதான். ஆனால் கழுவிய பிறகே போட வேண்டும். ரத்தமும் சீழும் மண்ணும் இருக்கும் இடத்தில் அயோடின் அவற்றோடு சேர்ந்து வீணாகிவிடும். மெல்லப் பூசி, ஓரிரு நிமிடம் காயவிட்டு, பிறகு மூடுங்கள். சுத்தமான கத்தி வெட்டுக்கு இதுகூடத் தேவையில்லை. மண், சாணம், துரு, பல் பட்ட காயத்துக்குத் தேவை.

பீட்டாடின் வாங்கும்போது லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். 5 அல்லது 10 சதவீத சொல்யூஷனோ, 5 சதவீத ஆயின்மென்டோதான் வேண்டும். 7.5 சதவீதம் என்று போட்டு 'ஸ்க்ரப்' என்றிருப்பது சோப்புக் கலந்தது, அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர்கள் கை கழுவ வைத்திருப்பது. அதைத் திறந்த காயத்தில் ஊற்றக் கூடாது. தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் பெரிய பரப்பில் நாள் கணக்கில் போடுவதைத் தவிர்க்க வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். பெட்டியில் வேறு கம்பெனி பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது போவிடோன் அயோடின்தான் என்றால் தயங்க வேண்டியதில்லை.

மேலே போட: பவுடரா, ஆயின்மென்டா?

'மூடாதே, காத்தாட விடு, காஞ்சாத்தான் ஆறும்.' நம் ஊரில் காயம் பற்றிய கருத்துகளில் இதைப்போல ஊறியது வேறில்லை. பவுடருக்கு இங்கே இத்தனை கிராக்கி வந்ததும் இதனால்தான். பவுடர் போட்டால் ஈரம் உறிஞ்சி, காயம் காய்ந்து, பக்கு கட்டும். பக்கு கட்டினால் ஆறிவிட்டது என்று நிம்மதி.

1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் ஒரே மாதிரிக் காயங்களைச் செய்து, சிலவற்றைக் காற்றாட விட்டார், சிலவற்றை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடி ஈரம் காயாமல் வைத்தார். மூடி வைத்த காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளிது. புதுத் தோலின் அணுக்கள் காயத்தின் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி நகர்ந்து வர வேண்டும். ஈரப்பரப்பில் வழுக்கிக்கொண்டு வரும். காய்ந்த பக்கு குறுக்கே நின்றால், அதற்கு அடியில் ஈரமுள்ள மட்டத்தைத் தேடிக் குடைந்துகொண்டு போக வேண்டும். காயத்துக்கான நவீனக் கட்டுகள் பெரும்பாலும் இந்தக் கண்டுபிடிப்பின் மீது எழுந்தவை.

அதனால் வீட்டுக் காயத்துக்குப் பவுடர் வேண்டாம் என்கிறேன். ரத்தத்தோடு சேர்ந்து கெட்டியாகி, அடியில் சீழ் வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். அடுத்த நாள் கழுவும்போது அந்தக் கட்டி புதுத் தோலையும் பிய்த்துக்கொண்டு வரும். நியோஸ்போரினில் உள்ள நியோமைசினுக்கு இன்னொரு குறை உண்டு. சிலருக்குத் தோல் சிவந்து, அரித்து, நீர் கோத்துக்கொள்ளும். அது அலர்ஜி என்று தெரியாமல், காயம் மோசமாகிறது என்று நினைத்து இன்னும் அள்ளிப் போடுவார்கள். அமெரிக்கத் தோல் அலர்ஜி மருத்துவர்களின் சங்கம் 2010-ம் ஆண்டின் கவனிக்க வேண்டிய அலர்ஜிப் பொருளாக நியோமைசினைத்தான் தேர்ந்தெடுத்தது.

ஆன்டிபயாட்டிக் ஆயின்மென்ட்? சோஃப்ராமைசின், டி-பாக்ட் போன்றவை மோசமான மருந்துகள் இல்லை. செப்டிக் ஆன காயத்துக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தாராளமாகப் போடலாம். கேள்வி, சுத்தமாகக் கழுவிய சாதாரணக் காயத்துக்கு முன்னெச்சரிக்கையாகப் போட வேண்டுமா என்பதுதான். 1996-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. தோலில் சிறு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 922 பேரில் ஒரு பாதிக்கு பாசிட்ராசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஆயின்மென்டையும், மறு பாதிக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லியையும், அதாவது நம் வாசலினையும், கொடுத்துப் பார்த்தார்கள். செப்டிக் ஆனது ஆயின்மென்ட் போட்டவர்களில் 0.9 சதவீதம், வாசலின் போட்டவர்களில் 2 சதவீதம். புள்ளிவிவரக் கணக்கில் இது வித்தியாசம் என்று சொல்லக்கூடிய அளவு இல்லை. அலர்ஜி வந்ததோ ஆயின்மென்ட் போட்டவர்களுக்கு மட்டும், நான்கு பேருக்கு. சுத்தமான அறுவைக் காயத்துக்குப் பொருந்துவது ரோட்டுச் சிராய்ப்புக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மை. நன்றாகக் கழுவி முடித்துவிட்டால் அந்த இடைவெளி பெரும்பாலும் குறைந்துவிடும். சிறு காயம் காயாமல் இருக்க வாசலினே போதும் என்றுதான் அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியும் சொல்கிறது. தேவையில்லாத இடத்தில் ஆன்டிபயாட்டிக்கைப் பூசிப் பூசி, அதற்கு அடங்காத கிருமிகளை நாமே வளர்த்துவிடுகிறோம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாசலின் வாங்கினால் டியூபாக வாங்கிக் காயத்துக்கென்று தனியாக வையுங்கள். எல்லோரும் விரல் விட்டு எடுக்கும் உதட்டுக்குப் பூசுகிற டப்பா உதவாது.

மஞ்சள், காப்பித்தூள், வெட்டுக்காயப் பூண்டு ஆகியவற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு முழுமையாகாது. கிணற்றடியிலும் வரப்பிலும் முளைத்துக் கிடக்கும் அந்தப் பூண்டைக் கசக்கிப் பிழிந்து வெட்டில் விட்ட தலைமுறையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத காலத்தில் கைக்கு எட்டியது அதுதான். ஆய்வுக்கூடத்தில் விலங்குகளின் காயங்களில் அந்தச் செடியின் சாறு நல்ல பலன் காட்டியிருக்கிறது. மஞ்சளிலும் கிருமியை எதிர்க்கும் தன்மை உண்டு. ஆனால் ஆய்வுக்கூடத்துச் சாறு வேறு, மண்ணோடு பறித்துக் கையில் கசக்கிய இலை வேறு. அஞ்சறைப் பெட்டி மஞ்சள் தூள் காயத்துக்காகச் சுத்தம் செய்தது இல்லை, கலப்படமும் சேர்ந்திருக்கலாம். காப்பித்தூளை வைத்து அழுத்தியதும் ரத்தம் நின்றது என்றால், நிறுத்தியது அழுத்தம். அந்த அழுத்தத்தைச் சுத்தமான துணியால் கொடுத்தால் போதும். காப்பித்தூளைப் பிறகு காயத்திலிருந்து எடுப்பதற்குள் டூட்டி நர்ஸ் படுகிற பாடு மிச்சமாகும்.

மூடுகிற சாமான்கள்

பெட்டியில் அதிக இடம் இதற்குத்தான் தர வேண்டும். விரல் வெட்டுக்கு பேண்ட் எய்டை மிஞ்ச எதுவும் இல்லை. 1920-ல் ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியில் வேலை பார்த்த ஏர்ல் டிக்சன், சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொண்ட மனைவி ஒற்றைக் கையால் தானே ஒட்டிக்கொள்ளட்டும் என்று செய்துகொடுத்த பொருள் அது. இன்றும் அதன் சிறப்பு அதேதான். விரல் மூட்டில் நேராகச் சுற்றினால் இரண்டு முறை மடக்கியதும் கழன்றுவிடும். அங்கே ஒட்டும்போது இரண்டு வால்களையும் நடுவில் நீளவாக்கில் வெட்டி, நான்கு வாலாக்கி, மேல் வால்களை மூட்டுக்குக் கீழாகவும் கீழ் வால்களை மூட்டுக்கு மேலாகவும் குறுக்காக ஒட்டுங்கள். பாத்திரம் கழுவினாலும் நிற்கும். நனைந்தால் மாற்ற வேண்டும், எப்படியும் தினம் ஒருமுறை.

முழங்கால், முழங்கை போன்ற அகலமான சிராய்ப்புக்கு பேண்ட் எய்டு போதாது. அதற்குக் காஸ் துணி. தனித்தனியாக உறையிட்ட, கிருமி நீக்கிய காஸ் துண்டுகளாக வாங்குங்கள். பெரிய கட்டாக வாங்கினால் ஒரு முறை திறந்ததோடு மிச்சமெல்லாம் தூசி பிடித்துவிடும். வெறும் காஸை வைத்தால் மறுநாள் காயத்தோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பிள்ளை வீட்டையே கூட்டிவிடும். காயத்தில் வாசலினைத் தடவிவிட்டு வைத்தால் ஒட்டாது. மெடிக்கலில் 'பாக்டிகிராஸ்' என்று கேட்டால் கிடைப்பது வாசலின் போன்ற பாரஃபின் பூசிய வலைத்துணி. அது விலை கூடுதல்தான், ஆனால் அகலமான சிராய்ப்புக்கு அந்த விலை தகும். அப்படியும் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். தண்ணீரில் ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். பஞ்சை மட்டும் காயத்தின் மீது நேரடியாக வைக்காதீர்கள். இழைகள் பிரிந்து ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டுவதற்கு மைக்ரோபோர் டேப்பும் வெள்ளைப் பிளாஸ்திரியும் உண்டு. பிளாஸ்திரி கெட்டியாகப் பிடிக்கும், உரிக்கும்போது முடியையும் தோலையும் சேர்த்துப் பிடிக்கும். வயதானவர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு மைக்ரோபோர். வியர்வை வழியும் மூட்டுகளில் மட்டும் அது நிற்காது, அங்கே ரோலர் பேண்டேஜ் இரண்டு சுற்று.

தீப்பட்டால்

இங்கே போட்டி போடும் பொருள்கள் இன்னும் அதிகம். பர்னால், டூத்பேஸ்ட், இட்லி மாவு, இங்க், ஐஸ், வாழைத்தண்டுச் சாறு. முதல் இருபது நிமிடத்துக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் குக்கருக்குள் பருப்பு வெந்துகொண்டிருப்பதைப் போல, சூடு பட்ட பிறகும் தோலின் அடியில் வேக்காடு தொடர்கிறது. அதை நிறுத்தும் ஒரே பொருள் தண்ணீர். உடனே முடியாமல் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். ஐஸ் வேண்டாம். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, பாதிக்கப்பட்ட தோலுக்குப் போக வேண்டிய ரத்தத்தையும் தடுத்துவிடும்.

டூத்பேஸ்ட் குளுகுளுவென்று இருப்பது அதிலுள்ள மென்தாலால். சூட்டை அது வெளியே விடாது, பிறகு கழுவி எடுப்பதும் வேதனை. பர்னாலின் மஞ்சள் நிறம், காயம் எவ்வளவு ஆழம் என்று மருத்துவர் பார்த்துச் சொல்வதற்கு இடைஞ்சல். சில்வரெக்ஸ் போன்ற வெள்ளிச் சத்து கிரீம்களை மருத்துவர் சொல்லாமல் போட வேண்டாம், சல்பா அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. குளிர்வித்த பிறகு, சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றாமல் மேலே பரப்பி மூடினால் வலி குறையும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

வாழை இலையை இதில் தனியாகக் குறிப்பிட வேண்டும். மும்பை மருத்துவர்கள் கிருமி நீக்கிய வாழை இலையைத் தீக்காயக் கட்டாக வைத்து ஆராய்ந்து, அது காயத்தில் ஒட்டுவதில்லை, பிரிக்கும்போது வலிப்பதில்லை, செலவும் மிகக் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். விலை உயர்ந்த கட்டுகளுக்கு வழியில்லாத ஆஸ்பத்திரிகளுக்கு அது பெரிய வரம். அதைப் படித்தபோது எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் அவர்கள் பயன்படுத்தியது முறையாகக் கிருமி நீக்கி உறையிட்ட இலை. பந்திக்கு வாங்கிய இலையை அப்படியே வைப்பதற்கு அந்த ஆய்வு அனுமதி தரவில்லை.

ரெடிமேட் பெட்டியா, நாமே சேர்ப்பதா?

ரெடிமேட் பெட்டியில் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகச் சின்னச் சின்ன பேண்ட் எய்டுகளும் ஊக்குகளும் நிறைய இருக்கும். காஸ் குறைவாக இருக்கும். கத்தரிக்கோல் காகிதத்தைக்கூட வெட்டத் திணறும். காரோடு வரும் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், பல வருடம் வெயிலில் காய்ந்து டேப் பசையிழந்திருக்கும். ஒரு மூடி உள்ள டிபன் டப்பாவில் நாமே சேர்ப்பதுதான் என் சிபாரிசு. உறையிட்ட காஸ் பத்து, பேண்ட் எய்டு ஒரு பாக்கெட், மைக்ரோபோர் ஒன்று, ரோலர் பேண்டேஜ் இரண்டு, சுளுக்குக்கு ஒரு கிரேப் பேண்டேஜ், நல்ல கத்தரிக்கோல், முள் எடுக்க ஒரு இடுக்கி, கையுறை இரண்டு ஜோடி, சிறிய பீட்டாடின், வாசலின் டியூப், பாரசிட்டமால் ஒரு அட்டை. ரெடிமேடின் விலைக்குள் இது அடங்கிவிடும். திறந்த தேதியை பீட்டாடின் பாட்டிலின் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். டப்பாவைக் குளியலறையில் வைக்காதீர்கள், ஈரம் உறைகளைக் கெடுக்கும். சமையலறைக்குப் பக்கத்தில், பெரியவர் கைக்கு எட்டி, பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

வீடா, ஆஸ்பத்திரியா?

எல்லா ஒப்பீட்டிலும் இதுதான் பெரியது. இதில் தவறினால் எந்த மருந்தும் ஈடு செய்யாது. ரத்தம் வந்தால் காஸை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள். நடுவில் தூக்கித் தூக்கிப் பார்த்தால் உறைந்தது மறுபடி உடையும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் அழுத்தியபடியே கிளம்புங்கள். பீய்ச்சி அடித்தால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டாம், 108. காயத்தின் உதடுகள் விலகி உள்ளே மஞ்சள் கொழுப்புத் தெரிந்தாலோ, விரல் மரத்துப் போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ தையல் தேவைப்படும். முகம், கை விரல்கள், மூட்டு, அந்தரங்க உறுப்புகளில் தீப்பட்டாலும், மின்சாரமோ அமிலமோ பட்டாலும், உள்ளங்கையைவிடப் பெரிய தீக்காயம் என்றாலும், சின்னக் குழந்தை என்றாலும் குளிர்வித்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி பற்றி நம் ஊரில் இரண்டு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு கீறலுக்கும் ஓடிப்போய் போட்டுக்கொள்பவர்கள், ஆயுளுக்கும் போடாதவர்கள். சிறு வயதுத் தடுப்பூசிகள் முழுதாகப் போட்டவர்களுக்குக் கணக்கு இதுதான். சுத்தமான சிறு காயம் என்றால் கடைசி ஊசி போட்டுப் பத்து வருடம் கடந்திருந்தால் ஒன்று. மண், சாணம் பட்ட காயம் அல்லது ஆணி குத்தியது என்றால் ஐந்து வருடம் கடந்திருந்தாலே ஒன்று. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதை டப்பா மூடியின் உள்பக்கத்தில் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதி வைத்துவிட்டால் குழப்பமே இல்லை.

சர்க்கரை நோயாளியின் காலில் காயம் என்றால், அது செருப்புக் கடியாகவே இருந்தாலும், கழுவி மூடிவிட்டு அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுங்கள். அவர்களில் பலருக்குக் காலில் வலி தெரியாது, அதுதான் ஆபத்து. வலிக்கவில்லை என்று ஒரு வாரம் விட்டதால் விரலை எடுக்க வேண்டி வந்த குடும்பங்கள் நம் தெருக்களில் இருக்கின்றன.

நாயோ பூனையோ கடித்தாலோ, நகத்தால் கீறினாலோ, முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். காயத்துக்குள் சோப்புப் போட வேண்டிய ஒரே இடம் இதுதான். ரேபிஸ் வைரஸின் மேலுறையைச் சோப்பு கரைத்துவிடும். பிறகு பீட்டாடின். மஞ்சள், மிளகாய்த் தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள், தடுப்பூசி இலவசம். முதல் நாள், அதிலிருந்து 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று தோலுக்குள் போடுவார்கள். ரத்தம் வந்த கடியோ கீறலோ என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவை. அது அங்கே இல்லை என்றால் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று கேட்டு அன்றைக்கே போய்விடுங்கள். வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்று யார் சொன்னாலும் முடிவை மருத்துவரிடம் விடுங்கள்.